ஒரு சுவர் போதும்

காசெல், 9 மார்ச் 1996

அன்புள்ள ஃபென்னா அக்காவுக்கு,

நீ நலமா? முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம். இருமல்தான் இன்னும் விட்டபாடில்லை.

வீடு கிடைத்துவிட்டது. நான்காவது மாடியில் ஓர் அறை, ஒரு சமையலறை. வழக்கமாக எல்லோரும் கழற்றிக்கொண்டு போகும் சமையலறை அலமாரிகளை, முன்பு குடியிருந்தவர் விட்டுப் போயிருக்கிறார். கழற்றும் கூலிக்குப் புதிதே வாங்கிவிடலாமாம். சுவரில் குழாய் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும் வெற்று அறையை எதிர்பார்த்துப் போன எனக்கு அது அதிர்ஷ்டம்தான். ஆனால் எல்லாம் வெள்ளை. அலமாரி வெள்ளை, ஓடு வெள்ளை, சுவர் வெள்ளை. ஓக்கோவுக்கு வாழ்க்கைப்பட்டு, இருபத்தொன்பது வருஷம் அவனுடைய வெள்ளைச் சமையலறையில் நின்றுவிட்டு, அவனை விட்டு இவ்வளவு தூரம் வந்து, மறுபடியும் அதற்குள்ளேயே நிற்கிறேன். நீ சிரிப்பாய், சிரித்துக்கொள்.

துணிகளைத் திருத்தித் தைக்கும் கடையில் வேலை. முதலாளி ஐசெல், துருக்கிக்காரி, என்னைவிடப் பதினைந்து வயது இளையவள். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுகிறாள். வீட்டைப் பார்க்க வந்தவள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். "அக்கா, இது சமையலறையா, பல் டாக்டர் ரூமா? நான் வாயைத் திறந்துக்கிட்டு உக்காரணுமா?"

தொலைபேசி வாங்கப் போவதில்லை. இருந்தால் ஓக்கோ கூப்பிடுவான். அவனுடைய நிதானமான குரலைக் கேட்டால் நான் பெட்டி கட்ட ஆரம்பித்துவிடுவேன். திரும்பிப் போவதா, இங்கேயே இருப்பதா என்று கிறிஸ்துமஸுக்குள் முடிவு செய்வதாக எனக்கு நானே கெடு வைத்திருக்கிறேன். அதுவரை உனக்கு மட்டும் எழுதுகிறேன். என் மனதில் இருப்பதைச் சொல்ல வேறு ஆள் இல்லை.

உன் தங்கை,
கெசீனா


லேயர், 17 மார்ச் 1996

அன்புள்ள கெசீனா,

கடிதம் கிடைத்தது. உடம்பைப் பார்த்துக்கொள். இருமலுக்கு வெங்காயச் சாற்றில் தேன் கலந்து குடி, மருந்துக்கடையில் காசைக் கொட்டாதே. என் முழங்கால் மழை வருவதை முன்கூட்டிச் சொல்லிவிடுகிறது, அதற்காவது பயன்படுகிறது.

ஓக்கோ எப்போதும்போல ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு வருகிறான். முன்பு நாம் நாலு பேர். என் புருஷன் எனோ போய்ச் சேர்ந்தபின் மூன்று பேர். இப்போது இரண்டு. உருளைக்கிழங்கு எத்தனை போடுவது என்றே கை மறந்துபோகிறது. உன்னைப் பற்றி அவன் ஒன்றும் கேட்பதில்லை. மெலிந்துவிட்டான்.

சமையலறைக்கு வண்ணம் அடிக்கும் யோசனை உனக்கு வரும், எனக்குத் தெரியும். வேண்டாம். வீட்டைக் காலி செய்யும்போது சுவர் வெள்ளையாக இருக்க வேண்டும் என்று உன் ஒப்பந்தத்திலும் எழுதியிருப்பார்கள். அடர்ந்த நிறத்தை மறைக்க வெள்ளை மூன்று பூச்சு ஆகும். நீ திரும்பி வரும்போது அந்த வேலையும் சேர்ந்துகொள்ள வேண்டுமா?

அந்தச் சமையலறையைப் பற்றி இன்னும் விவரமாக எழுது. ஜன்னல் எந்தப் பக்கம், மேசை எங்கே, எல்லாம் எழுது. நீளமாக எழுது.

உன் அக்கா,
ஃபென்னா


காசெல், 11 ஏப்ரல் 1996

அன்புள்ள அக்காவுக்கு,

நலம்தானே? வெங்காயச் சாறு வேலை செய்தது. வீடு முழுக்க நாறியதைப் பற்றி நீ எச்சரித்திருக்கலாம்.

நீ சொன்னபடி ஒப்பந்தத்தைப் பார்த்தேன். வெள்ளை என்றுதான் இருக்கிறது. அதனால் சுவரைத் தொடவில்லை. ஆனாலும் சும்மா இருக்க முடியவில்லை. ஐசெல் கடையில் மிஞ்சும் துண்டுத் துணிகளைச் சேர்த்து, பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே ஒரு திரை தைத்தேன். கால்சட்டை வெட்டிய சிவப்பு, யாரோ ஒரு மணப்பெண்ணின் தோழி உடுத்திய பச்சை, பள்ளிச் சீருடை நீலம். மூன்று இழுப்பறைகளுக்கு மஞ்சள் ஒட்டுத்தாள். மேசைக்குச் செர்ரி படம் போட்ட மெழுகுத்துணி, சந்தையில் மீட்டர் ஆறு மார்க். நீல மூடி போட்ட ஊறுகாய்ப் புட்டிகளைக் கழுவி, பருப்பும் மாவும் நிரப்பி வரிசையாக வைத்திருக்கிறேன். ஜன்னல் கிழக்கே பார்க்கிறது. காலையில் எட்டு மணி வரை வெயில் அந்த மூடிகள்மேல்தான்.

ஐசெல் பார்த்துவிட்டு, "இப்பதான் மனுஷி குடியிருக்கிற மாதிரி இருக்கு"ன்னு சொன்னாள். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அவள் போனபின் உட்கார்ந்து பார்த்தபோது ஒன்று தோன்றியது. நான் செய்தது எல்லாமே கழற்றக்கூடியது. திரையை உருவிவிடலாம், தாளை உரித்துவிடலாம், துணியைச் சுருட்டிவிடலாம். ஒரு மணி நேரத்தில் நான் இங்கே இருந்த சுவடே இருக்காது. விருந்தாளி மாதிரிதான் இருக்கிறேன் போலும்.

உன் தங்கை,
கெசீனா


லேயர், 22 ஏப்ரல் 1996

அன்புள்ள கெசீனா,

நான் சுகம். தோட்டத்தில் களை பிடுங்கியதில் இடுப்பு பிடித்துக்கொண்டது, மற்றபடி குறையில்லை.

உன் திரையும் புட்டிகளும் கண்முன் நிற்கின்றன. ஒட்டுத்தாளின் ஓரங்களில் எண்ணெய்ப் பிசுக்கு சேரும், ஒட்டும்போதே தலைமுடி உலர்த்தும் கருவியால் சூடு காட்டி அழுத்திவிட வேண்டும் என்று ஓக்கோ சொல்கிறான். பேச்சுவாக்கில் உன் இழுப்பறை பற்றிச் சொன்னேன், அவ்வளவுதான். வருஷக்கணக்கில் பால்பண்ணையில் சுத்தம் பரிசோதித்தவன், பிசுக்கு என்றால் அவனுக்குக் காது நிமிர்ந்துவிடும்.

உன் கடிதம் இந்த முறை வரத் தாமதமானது. இரண்டு வாரத்துக்கு ஒன்றாவது எழுதக் கூடாதா? சனிக்கிழமைக்குள் கிடைக்கும்படி போடு.

உன் அக்கா,
ஃபென்னா


காசெல், 2 ஜூன் 1996

அன்புள்ள அக்காவுக்கு,

உன் இடுப்பு சரியாகிவிட்டதா? நான் நன்றாக இருக்கிறேன், இரவில் தூங்குகிறேன்.

ஏன் கிளம்பி வந்தாய் என்று நீ இதுவரை கேட்கவில்லை. கேட்காததற்கு நன்றி. இன்று சொல்கிறேன். இந்த வருஷ ஜனவரியில் ஒரு நீலக் கெண்டி வாங்கினேன். எனாமல் கெண்டி, பெரிய விலையில்லை. அடுப்பின்மேல் வைத்து ஒரு காலை முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் அது இல்லை. ஓக்கோ ரசீதைத் தேடி எடுத்துக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்திருந்தான். சண்டை இல்லை, சத்தம் இல்லை. "உள்ள அழுக்கு சேர்ந்தா தெரியாது, கெசீனா. வெள்ளையில எல்லாம் தெரியும்." பணத்தை என் கையில் கொடுத்தான், சில்லறை உட்பட. எனக்கு ஒரு வார்த்தையும் வரவில்லை. இருபத்தொன்பது வருஷமாக வராத வார்த்தை அன்றைக்கு எப்படி வரும்? மூன்று வாரம் கழித்து ரயில் ஏறினேன்.

ஒரு கெண்டிக்காகவா என்று ஊர் கேட்கும். கேட்கட்டும்.

இன்னொன்று, உன்னிடம் மட்டும் சொல்கிறேன், யாரிடமும் சொல்லாதே. மேசைக்கு எதிரே ஒரு வெற்றுச் சுவர் இருக்கிறது. தினமும் அதைப் பார்த்துத்தான் சாப்பிடுகிறேன். நாம் சிறுமிகளாக இருந்தபோது அம்மா தீவுக்கு அழைத்துப் போனாளே, மணல்மேட்டு முள்புதரில் கொத்துக்கொத்தாக ஆரஞ்சுப் பழம், வாயில் போட்டால் புளிப்பில் கண்ணை மூடிக்கொள்வோமே, அந்த நிறம். செப்டம்பர் கடைசியில் அது இருக்கும் நிறம், அதற்கு முன்னே வெளிறிப்போய் இருக்கும். அந்தச் சுவருக்கு அந்த நிறம். ஒரு சுவர் போதும்.

உன் தங்கை,
கெசீனா


லேயர், 9 ஜூன் 1996

அன்புள்ள கெசீனா,

கடிதம் வந்தது. நான் நலம். இங்கே நாலு நாளாக மழை, ஸ்ட்ராபெரி எல்லாம் அழுகிவிட்டது. பக்கத்து வீட்டு நாய் குட்டி போட்டிருக்கிறது.

வேறு விசேஷம் இல்லை.

ஃபென்னா


காசெல், 20 ஜூலை 1996

அன்புள்ள அக்காவுக்கு,

உன் உடம்புக்கு ஒன்றும் இல்லையே? மழையும் நாயும் மட்டும் இருந்த கடிதம் உன்னுடையது மாதிரியே இல்லை. நான் கெண்டியைப் பற்றி எழுதியது உனக்குப் பிடிக்கவில்லையோ என்று யோசித்தேன். அந்த நிறத்தைப் பற்றியும் நீ ஒரு வார்த்தை எழுதவில்லை. கோபமென்றால் கோபமென்று சொல்.

ஐசெல் ஊருக்குப் போயிருக்கிறாள். ஆறு வாரம் கடை என் பொறுப்பு. சாவியைக் கையில் கொடுத்துவிட்டு, "எரிச்சிடாதீங்க அக்கா, அது போதும்"ன்னு சொன்னாள். இவ்வளவு சுலபமாக யாரும் என்னை நம்பியதில்லை.

பதில் போடு.

கெசீனா


லேயர், 30 ஆகஸ்ட் 1996

அன்புள்ள கெசீனா,

பதில் தாமதமானதற்கு மன்னித்துக்கொள். உன்மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை.

ஓக்கோ ஏணியிலிருந்து விழுந்துவிட்டான். குதிகால் எலும்பு முறிந்திருக்கிறது. ஆபரேஷன் முடிந்தது. இன்னும் பத்து நாளில் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். காலைக் கீழே ஊன்றக் கூடாது. என் முழங்காலை வைத்துக்கொண்டு அவனைத் தூக்கி உட்காரவைக்க என்னால் முடியாது. நர்ஸ் ஏற்பாடாகும்வரை ஒரு வாரம் வந்து இருந்துவிட்டுப் போ.

அவன் உன்னைக் கூப்பிடச் சொல்லவில்லை. நானாக எழுதுகிறேன். ஏணியில் ஏன் ஏறினான் என்று கேட்காதே, வந்தால் நீயே பார்ப்பாய்.

உன் அக்கா,
ஃபென்னா


காசெல், 6 அக்டோபர் 1996

அக்கா,

நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். ஊரிலிருந்து திரும்பி மூன்று வாரமாகிறது. ரயிலடியில் உன்னிடம் முகம் கொடுத்துப் பேசாமல் வந்தேன். பேசியிருந்தால் கத்தியிருப்பேன். இப்போது கொஞ்சம் ஆறியிருக்கிறது.

ஏதோ கூரைத் தண்ணீர்க் குழாயைச் சுத்தம் செய்யத்தான் ஏணியில் ஏறியிருப்பான் என்று நினைத்துக்கொண்டு போனேன். அவனைச் சோபாவில் உட்காரவைத்துவிட்டு, தேநீர் போடச் சமையலறைக் கதவைத் திறந்தேன். நான்கு சுவரும் ஆரஞ்சு. கூரையும் ஆரஞ்சு, ஒரு மூலை மட்டும் பாக்கி. அங்கேதான் விழுந்திருக்கிறான். அக்கா, அது அதே நிறம். செப்டம்பர் கடைசியில் இருக்கும் நிறம். ஓரங்கள் அளவுகோல் வைத்த மாதிரி நேராக இருந்தன.

நான் அழுதேன், மறைக்க மாட்டேன். நாற்காலியில் உட்கார்ந்து நன்றாக அழுதேன். எவ்வளவு அழகாக இருந்தது தெரியுமா. அந்த நிமிஷத்தில் அவன் "இரு" என்று சொல்லியிருந்தால் இருந்திருப்பேன்.

அவன் ஊன்றுகோலோடு வாசலில் வந்து நின்றான்.

"இந்த நிறம் யார் சொன்னா உனக்கு?"

"நீதான்."

"நான் எப்ப சொன்னேன்?"

"கடுதாசியில. ஃபென்னா படிச்சுக் காட்டுவா. எல்லாத்தையும் படிச்சுக் காட்டுவா."

அவன் ஒளிக்கவே இல்லை, அதில் தப்பு இருப்பதாகவே அவனுக்குத் தோன்றவில்லை. "ஒரு சுவர் போதும்னுதானே எழுதியிருந்தேன்" என்று மட்டும் கேட்டேன்.

"ஒண்ணு மட்டும் அடிச்சா மத்ததெல்லாம் அழுக்காத் தெரியும். முழுசா செஞ்சிட்டா பிரச்சினை இல்ல. கெண்டியும் வாங்கி வச்சிருக்கேன், மேல் தட்டுல பாரு. இப்ப வந்துடலாம்ல?"

பால்பண்ணையில் குறை கண்டு எழுதிக் கொடுப்பான், அவர்கள் சரிசெய்துவிட்டு வந்து பார்க்கச் சொல்வார்கள். அந்தக் குரல்தான். குறை நீக்கப்பட்டது, கையெழுத்துப் போடு. என்னிடம் அவன் ஒரு கேள்வி கேட்கவில்லை. என்ன வேண்டும் என்று என்னிடம் கேட்பதற்குப் பதில் உன் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டான்.

அவனைக் குறை சொல்லி முடித்தபின், அவன் சொன்ன இன்னொன்று மனதைக் குடைகிறது. "எங்கிட்ட நீ இதெல்லாம் சொன்னதே இல்லையே, கெசீனா." உண்மைதான். சொன்னதில்லை.

ஆனால் உன்னிடம் சொன்னேன். யாரிடமும் சொல்லாதே என்று எழுதிச் சொன்னேன். ஏன் அக்கா?

கெசீனா


லேயர், 17 நவம்பர் 1996

அன்புள்ள கெசீனா,

நீ சுகமா என்று கேட்கும் உரிமை எனக்கு இருக்கிறதா தெரியவில்லை. ஆனாலும் கேட்கிறேன்.

ஆறு வாரமாகத் தாளை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். நீங்கள் இருவரும் சேரட்டும் என்றுதான் படித்துக் காட்டினேன் என்று முதலில் எழுதினேன். கிழித்துப் போட்டேன். அது பொய்.

உண்மை இது. நீ போன முதல் ஞாயிறு ஓக்கோ வந்தான், சாப்பிட்டான். தேநீர் ஊற்றினேன். நம் ஊர் வழக்கம் உனக்குத் தெரியும், மூன்று கோப்பை குடிக்காமல் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். அவன் முதல் கோப்பையிலேயே கரண்டியைப் போட்டுவிட்டான். போதும் என்று அர்த்தம். ஒன்றரை மணிக்கெல்லாம் போய்விட்டான். அந்த மதியம் அவ்வளவு நீளம், கெசீனா. எனோ போனபிறகு ஞாயிறு மதியம் எப்படி இருக்கும் என்று உனக்கு நான் சொன்னதில்லை.

பிறகு உன் முதல் கடிதம் வந்தது. பல் டாக்டர் ரூம் என்று படித்தேன், அவன் சிரித்தான். மூன்று கோப்பை குடித்தான், நாலாவதும் குடித்தான். இருட்டும்வரை இருந்தான். அதன்பின் கடிதம் வந்த ஞாயிறு எனக்கு ஆள் இருந்தது, வராத ஞாயிறு இல்லை. அதனால்தான் நீளமாக எழுது, சனிக்கிழமைக்குள் போடு என்றெல்லாம் உன்னை நச்சரித்தேன்.

ஜூன் மாதக் கடிதத்தை முதலில் தனியாகத்தான் படித்தேன். சொல்லாதே என்று எழுதியிருந்ததையும் படித்தேன். ஞாயிறு வந்தது, அவன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தான். படித்துவிட்டேன். அன்றைக்கே உனக்குப் பதில் எழுத உட்கார்ந்து, மழையைத் தவிர எதுவும் எழுத வரவில்லை.

என் தனிமைக்கு உன் கடிதங்களைச் செலவழித்துவிட்டேன். மன்னிப்பாயோ மாட்டாயோ, இனி எழுதுவாயோ மாட்டாயோ, அது உன் விருப்பம்.

ஃபென்னா


காசெல், 1 டிசம்பர் 1996

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நன்றாக இருக்க வேண்டும். குளிர் வந்துவிட்டது, முழங்காலுக்குக் கம்பளி சுற்றிக்கொள்.

கோபம் இன்னும் இருக்கிறது. ஆனால் அந்த மதியத்தின் நீளம் எனக்குப் புரிகிறது. இங்கேயும் ஞாயிறு உண்டு.

சென்ற சனிக்கிழமை சுவருக்கு வண்ணம் அடித்துவிட்டேன். வண்ணக்கடையில் யாரோ கலக்கச் சொல்லிவிட்டு வாங்க வராத டப்பாக்களைப் பாதி விலைக்குப் பின்வாசலில் அடுக்கியிருப்பார்கள். மூடிமேல் தடவியிருக்கும் நிறத்தைப் பார்த்து எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். நானும் ஐசெலும் அரைமணி நேரம் குனிந்து தேடினோம். ஆரஞ்சு ஒன்று இருந்தது. எடுத்துப் பார்த்தேன், வைத்துவிட்டேன். வேறொன்றை எடுத்தேன். "இதுவா அக்கா? நிஜமாவா? சரி, உங்க சுவர், உங்க கண்ணு" என்றாள் ஐசெல்.

ஒரு சுவர்தான். கைக்கெட்டாத மேல் ஓரம் கோணலாக இருக்கிறது. கழற்ற முடியாத ஒன்றை முதல்முறையாக இந்த வீட்டில் செய்திருக்கிறேன். நான் திரும்பி வரப்போவதில்லை, அக்கா.

இதை ஓக்கோவுக்கு நீ சொல்ல வேண்டாம். நேற்று நானே அவனுக்கு எழுதிவிட்டேன். நாலு பக்கம். கெண்டியிலிருந்து ஆரம்பித்தேன். அவன் அடித்த வண்ணம் அழகாக இருந்தது என்றும் எழுதினேன், அதுவும் உண்மைதானே.

என் சுவர் என்ன நிறம் என்று எழுத மாட்டேன். உனக்கும் எழுத மாட்டேன். தெரிய வேண்டுமென்றால் வந்து பார்.

உன் தங்கை,
கெசீனா


லேயர், 9 டிசம்பர் 1996

அன்புள்ள கெசீனா,

சுகமாக இரு. முழங்காலுக்குக் கம்பளி சுற்றியாயிற்று.

டிக்கெட் வாங்கிவிட்டேன். வெள்ளிக்கிழமை, பதிமூன்றாம் தேதி, ராசியில்லாத நாள் என்பார்களே, அதுதான். "வேற நாள் பாக்கட்டுமா"ன்னு கவுன்டரில் இருந்த பெண் தயங்கினாள். வேண்டாம், இதற்குமேல் தள்ளிப்போட எனக்குத் தைரியம் இல்லை என்று சொன்னேன். மாலை நாலே முக்காலுக்கு வந்து சேருவேன். நாலு மாடியையும் நானே ஏறிக்கொள்கிறேன், நேரமானால் பதறாதே.

நேற்று ஓக்கோ வந்தான், கைத்தடி ஊன்றித்தான் நடக்கிறான். சாப்பிட்டு முடித்துக் கண்ணாடியைத் துடைத்தான்.

"கடுதாசி வந்துச்சா?"

"வந்துச்சு. ஆனா அது எனக்கு வந்தது, ஓக்கோ. இனிமே படிக்க மாட்டேன்."

கோபித்துக்கொள்வான் என்று நினைத்தேன். அவன் கோட்டுப் பைக்குள் கைவிட்டு ஓர் உறையை எடுத்து மேசைமேல் வைத்தான். உன் கையெழுத்து, அவன் பெயர். வந்து நாலு நாளாகிறதாம். பிரிக்கவே இல்லை.

"இதையாவது படியேன். நீ படிச்சாத்தான் எனக்கு அவ பேசுற மாதிரி இருக்கு."

உறையை அவன் கையிலேயே திருப்பிக் கொடுத்து, "நீயே படி"ன்னு சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன். இருந்த பாத்திரத்தையெல்லாம் கழுவினேன். கழுவியதையே மறுபடியும் கழுவினேன். நான் திரும்பி வந்தபோது அவன் கடிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்துக்கொண்டிருந்தான். கண் சிவந்திருந்தது.

"அவ எனக்கு எழுதின முதல் கடுதாசி இது, ஃபென்னா"ன்னு சொன்னான்.

உள்பைக்குள் வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டான். நீ என்ன எழுதியிருந்தாய் என்று அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

உன் அக்கா,
ஃபென்னா